உலகப் பொதுச் சுகாதாரத்தில் தலைமைப் பொறுப்புக்கு வர: ஆவணம், செலவு, காலக்கணக்கு

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்க நாடுகளுக்குப் பணம் தரும் குளோபல் ஃபண்ட் மாதிரியான இடங்களில் கொள்கை முடிவெடுக்கும் நாற்காலிக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுகலை) எங்கே படிக்கலாம்?" என்றுதான். கேள்வி தப்பில்லை, ஆனால் வரிசை தப்பு. தேர்வுக் குழு உங்கள் கோப்பைத் திறந்ததும் நான்கு விஷயங்களைத் தேடுகிறது. நீங்களே எடுத்த முடிவு எது? அதற்காக எவ்வளவு பணத்துக்குப் பொறுப்பேற்றீர்கள்? உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்? கடைசியில் என்ன மாறியது? இதற்கெல்லாம் தாளில் ஆதாரம் வைத்திருப்பவர் பெயர் தெரியாத கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டியலில் மேலே வந்துவிடுகிறார். ஆதாரம் இல்லாதவருக்குப் பிரபலப் பட்டம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

இந்தத் துறைக்குள் நுழையும்போது இதை யாரும் எனக்கு வரிசையாகச் சொல்லவில்லை. அங்கங்கே கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, பொருளாதாரம், புள்ளியியல், சட்டம், செவிலியம், நிர்வாகம் என்று எதைப் படித்திருந்தாலும் இது பொருந்தும்.

1. எந்த வாசல் வழியாக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உச்சிக்குப் போனவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று பாருங்கள். மார்கரெட் சான் ஹாங்காங்கின் சுகாதாரத் துறை இயக்குநராக 1994 முதல் 2003 வரை இருந்தார். அதன் பிறகுதான் உலக சுகாதார நிறுவனத்துக்குப் போய், 2007இல் அதன் தலைமை இயக்குநர் ஆனார். அவருக்கு அடுத்து 2017இல் வந்த டெட்ரோஸ் எத்தியோப்பியாவில் சுகாதார அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். மருத்துவர் அல்ல, சமூக சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சௌமியா சுவாமிநாதன் காசநோய் ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் உழைத்து, ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் பார்த்துவிட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவுக்குப் போனார்; 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் முதன்மை விஞ்ஞானி ஆனார். 2018இல் குளோபல் ஃபண்டின் தலைமைக்கு வந்த பீட்டர் சாண்ட்ஸ் அதற்கு முன்பு ஒரு பெரிய வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி.

இவர்களில் ஒருவர்கூட ஜெனீவாவில் பயிற்சி மாணவராக நுழைந்து படிப்படியாக ஏறியவர் இல்லை. சொந்த நாட்டிலோ சொந்தத் துறையிலோ கனமான பொறுப்பு வகித்துவிட்டு, பக்கவாட்டில் நுழைந்தவர்கள்.

வாசல்கள் ஐந்து. சொந்த நாட்டின் சுகாதார அமைச்சகமும் அதன் திட்டங்களும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், யுஎன்எய்ட்ஸ் போன்ற ஐநா அமைப்புகள் இரண்டாவது. குளோபல் ஃபண்ட், தடுப்பூசிக்கு உதவும் காவி, மருந்தும் பரிசோதனைக் கருவிகளும் எளிதில் கிடைக்க உதவும் யுனிட்எய்ட், பெருந்தொற்றுத் தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் பணம் தரும் செபி (CEPI) போன்ற நிதி அமைப்புகள் மூன்றாவது. எம்எஸ்எஃப் (எல்லையற்ற மருத்துவர்கள்), பாத் (PATH), கிளின்டன் ஹெல்த் ஆக்ஸஸ் இனிஷியேட்டிவ் போன்ற தொண்டு அமைப்புகள் நான்காவது. ஐந்தாவது, ஆராய்ச்சி நிறுவனங்கள். என்னைக் கேட்டால் முதல் வாசல்தான் பலருக்கும் வேகமான வழி. பார்க்க மெதுவாகத் தெரியும். ஆனால் முப்பது வயதிலேயே ஒரு மாவட்டத்தின் தடுப்பூசித் திட்டத்தை நடத்தும் பொறுப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ஐநா வாசலைத் தேர்ந்தெடுத்தால் அதன் படிநிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டு அளவில் ஆள் எடுக்கும் நிபுணர் பதவிகளைப் பி வரிசை என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தில் பொதுவாக பி-2 பதவிக்கு 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள், பி-3க்கு 5, பி-4க்கு 7, பி-5க்கு 10. அதற்கு மேலே டி-1, டி-2. குழுவை நடத்தும் வேலை பெரும்பாலும் பி-5இல் தொடங்கும், இயக்குநர் பதவிகள் டி வரிசையில் வரும். இவற்றோடு, சொந்த நாட்டு அலுவலகத்தில் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமான என்ஓ வரிசை ஒன்றும் உண்டு. என்ஓவில் இருப்பவருக்குப் பி வரிசைக்குத் தானாகப் பதவி உயர்வு கிடைக்காது. வெளியாட்களோடு வெளியாளாகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டோம், இனி ஏறிவிடலாம் என்று நம்பிப் பல ஆண்டுகளைக் கடத்துபவர்கள் நிறையப் பேர்.

2. மேற்படிப்பு: எது, எப்போது

மேல்நிலைப் பதவிகளுக்கு முதுகலைப் பட்டம் ஏறக்குறைய கட்டாயம். எம்பிஎச் பரந்த படிப்பு. சுகாதாரப் பொருளாதாரம், தொற்றுநோயியல், சுகாதாரக் கொள்கை என்று ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்க எம்எஸ்சி. ஏற்கெனவே மருத்துவமோ செவிலியமோ படித்தவருக்கு எம்பிஎச் பொருந்தும். பொருளாதாரமோ புள்ளியியலோ படித்தவர் அதே கூர்மையை வளர்க்கும் எம்எஸ்சியை எடுப்பது நல்லது. கணக்குப் போடத் தெரிந்த ஆள் கொள்கை மேசையில் எப்போதும் அரிது.

முனைவர் பட்டத்தில் இரண்டு வகை. ஆராய்ச்சியாளராக வாழ விரும்பினால் பிஎச்டி. நிர்வாகத்துக்கும் கொள்கைக்கும் தலைமை ஏற்க நினைத்தால் டிஆர்பிஎச் என்ற தொழில்சார் முனைவர் பட்டம். ஹார்வர்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் ஆகியவை இதைத் தருகின்றன. ஏற்கெனவே கணிசமான அனுபவம் உள்ளவர்களைத்தான் இதில் சேர்ப்பார்கள். இளங்கலை முடித்த கையோடு சேர முடியாது.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று: உலக சுகாதார நிறுவனம், உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் இருக்கும் கல்வி நிறுவனங்களின் பட்டங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். பன்னாட்டுப் பல்கலைக்கழகச் சங்கமும் யுனெஸ்கோவும் பராமரிக்கும் பட்டியல் இது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பணம் கட்டுவதற்கு முன்பு உங்கள் கல்லூரியின் பெயரையோ, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையோ அதில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இணையவழிப் பட்டம் என்றால் இதைச் செய்யாமல் நகரவே கூடாது.

இரண்டு: இளங்கலை முடித்த உடனே எம்பிஎச். பிரிட்டனில் ஓராண்டு, அமெரிக்காவில் வழக்கமாக இரண்டாண்டு. முடித்து வெளியே வரும்போது பட்டம் இருக்கும், அனுபவம் பூஜ்யம். இரண்டு மூன்று ஆண்டு களத்தில் இருந்துவிட்டுப் போனால் வகுப்பில் கேட்பதெல்லாம் ஒட்டும். அதைவிட முக்கியம், நல்ல ஸ்காலர்ஷிப்புகள் பல அந்த அனுபவத்தைத்தான் கேட்கின்றன.

மூன்று: வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போவது. பொறுப்பான பதவியில் இருப்பவர்கள் தொலைதூரப் படிப்பையும் பரிசீலியுங்கள். லண்டன் ஸ்கூலின் தொலைதூர முதுகலையை இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் முடிக்கலாம். படிக்கும்போதே உங்கள் அனுபவக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

3. பணம்

முழுச் செலவையும் ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. பிரிட்டன் அரசின் ஸ்காலர்ஷிப்பான சீவனிங் அங்கே ஓராண்டு முதுகலைக்கானது. 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது சுமார் இரண்டாண்டு. தலைமைப் பண்பைப் பற்றித் தனியாகவே எழுதச் சொல்வார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி உதவித்தொகை தரும் வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்கும் இரண்டாண்டு அனுபவம் தேவை. கடைசிப் பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு, பலர் இதில்தான் தவறிப் போகிறார்கள். ஜப்பானும் உலக வங்கியும் சேர்ந்து தரும் ஸ்காலர்ஷிப்புக்கு மூன்றாண்டு அனுபவம். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பில் தொலைதூரப் படிப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்பில் அங்கே போனால், முடித்துவிட்டு இரண்டாண்டு நாடு திரும்பி இருக்க வேண்டிய நிபந்தனை வரும்.

பெரிதாகப் பேசப்படாத ஒன்று, டிடிஆர். வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிக்கான இந்தச் சிறப்புத் திட்டம் உலக சுகாதார நிறுவனத்தின் குடையின் கீழ் இயங்குகிறது. கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுபோவது பற்றிய ஆராய்ச்சியில் முதுகலை படிக்கப் பண உதவி செய்கிறது; பங்களாதேஷின் பிராக், கானா பல்கலைக்கழகம், இந்தோனேசியாவின் கஜா மடா போன்ற இடங்களில் படிக்கலாம். தலைமைப் பாதைக்கு இந்தப் படிப்பு அச்சு அசலாகப் பொருந்துகிறது. இருந்தும் எல்லோரும் லண்டன், பாஸ்டன் என்றே பார்க்கிறார்கள்.

ஸ்காலர்ஷிப் கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும் பணத்தைத் தனியாகக் கணக்கிட்டு வையுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வு, டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் அதிகாரப்பூர்வ மதிப்பெண் ஆவணம்), கூரியர் ஆகியவை எல்லோருக்கும் உண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகளுக்கு சோஃபாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போனால், கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தனிக் கட்டணம். அதோடு வெளிநாட்டு மதிப்பெண்களை வெஸ் நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு, வாரக்கணக்கில் நேரமும் ஆகும். கட்டண விலக்கு கேட்டுக் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். கேட்பவர்களுக்குப் பல இடங்களில் தருகிறார்கள்.

சொந்தச் செலவில் போகிறவர்களுக்கு விசா கட்டத்தில் அடி விழும். பிரிட்டனில் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதார வரி, மொத்தமும் முன்பணம். ஓராண்டு முதுகலைக்கு விசா பதினாறு மாதம் வருவதால் 1,164 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் காட்டும் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் விசா மறுப்புதான். ஜெர்மனியில், மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிந்த முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. ஆவணக் கோப்பை இன்றே தொடங்குங்கள்

வேலை விளம்பரம் வந்த பிறகு ஆவணம் தேடினால் நேரம் போதாது. விண்ணப்ப அவகாசம் பெரும்பாலும் மூன்று வாரத்தைச் சுற்றித்தான். ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் என் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டுக் காத்திருந்த காலத்தில் ஒரு நல்ல ஃபெல்லோஷிப் வந்து முடிந்தே போனது. பணம் கட்டிய ரசீது இருந்தது, பதில் இல்லை. அதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: டிரான்ஸ்கிரிப்ட்டை ஒன்றாக வாங்காதீர்கள், மூடி முத்திரையிட்ட உறையில் நான்கைந்து பிரதிகளாகச் சேர்த்து வாங்கி வையுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- எல்லாப் பட்டங்களின் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். ஆங்கிலத்தில் இல்லையென்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பு.
- ஒவ்வொரு வேலைக்கும் அனுபவச் சான்று. சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா பகுதிநேரமா, பதவிப் பெயர் என்று எல்லாம் இருக்க வேண்டும்.
- குறைந்தது ஓராண்டுக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்.
- மொழித் தேர்வு முடிவு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டும் இரண்டே ஆண்டுதான் செல்லும்.
- வெளியான கட்டுரைகள், கொள்கைக் குறிப்புகளின் பட்டியல், ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண்ணோடு.
- மூன்று பரிந்துரையாளர்கள். ஒருவராவது நேரடி மேலதிகாரியாக இருக்க வேண்டும்.

அனுபவச் சான்றுதான் இதில் கழுத்தை நெரிப்பது. "இவர் எங்களிடம் திருப்திகரமாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள், எவ்வளவு நிதியைக் கையாண்டீர்கள், எந்த ஆவணத்தைத் தயாரித்தீர்கள் என்பது கடிதத்தில் வர வேண்டும். வேலையை விட்டு இரண்டு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால், அப்போது இருந்த அதிகாரி மாறியிருப்பார், புதியவருக்கு உங்களைத் தெரியாது. எனவே விலகும் வாரத்திலேயே வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான மேலதிகாரிகளுக்கு அது வேலையைக் குறைக்கும் உதவிதான்.

பெயர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. ஒரு சான்றிதழில் முதலெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை. எல்லாம் ஒரே ஆள்தான் என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால், வேலை கிடைத்த பிறகு வரும் சரிபார்ப்பில் மாதக்கணக்கில் இழுபறி இருக்காது.

5. பொறுப்பு தேடுங்கள், பட்டம் அப்புறம்

முழுக் கட்டுரையிலும் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பலர் பயிற்சிப் பணியைப் பெரிதாக நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தில் பயிற்சி மாணவராக 6 முதல் 24 வாரம் இருக்கலாம். குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும், படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். முன்பு சம்பளமே கிடையாது, 2020 முதல் வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை தருகிறார்கள். உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நல்லது. அதைப் பதவிக்கான முதல் படி என்று நம்ப வேண்டாம்.

ஐநா தன்னார்வலர் திட்டம் இன்னும் உறுதியானது. பெயரில்தான் தன்னார்வம், மாதாந்திர வாழ்க்கைப்படி உண்டு. 18 முதல் 26 வயதுவரை இளையோர் பிரிவு, 27 வயதுக்கு மேல் நிபுணர் பிரிவு. ஒரு நாட்டு அலுவலகத்தில் முழுநேர வேலையாகப் பார்க்கலாம். ஜேபிஓ என்ற இளநிலை அலுவலர் பதவி பி-2 மட்டத்தில் வழக்கமாக இரண்டாண்டு. அதற்கான செலவை ஒரு நாட்டு அரசு ஏற்பதால், பெரும்பாலும் அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான் போகும். நெதர்லாந்து போன்ற சில அரசுகள் வளரும் நாட்டுக்காரர்களுக்கும் இடம் ஒதுக்குகின்றன. வயது வரம்பு பெரும்பாலும் 32ஐ ஒட்டி இருக்கும்.

தொற்றுநோயியலில் நாட்டம் இருந்தால் எஃப்இடிபி என்ற களப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். மூன்று மாத முன்களப் பிரிவு, அதற்கு மேல் இடைநிலை, இரண்டாண்டு உயர்நிலை என்று மூன்று அடுக்கு. சம்பளத்தோடு வேலையில் இருந்துகொண்டே நோய்ப்பரவல்களை நேரில் போய் விசாரிக்கும் பயிற்சி. நெருக்கடிக் கால வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்கள் இதைப் பார்த்த உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, கொள்கைப் பக்கம் போக நினைப்பவர் சொந்த நாட்டில் இருந்தபடியே என்ன செய்யலாம்? யாரும் விளம்பரம் செய்யாத நான்கு வேலைகள் இருக்கின்றன.

குளோபல் ஃபண்டிடம் பணம் வாங்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று உண்டு, சிசிஎம் என்பார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை நிதிக் கோரிக்கை எழுத அவர்கள் ஆள் தேடுவார்கள். அந்த எழுத்துக் குழுவில் சேர்ந்தால் பட்ஜெட், இலக்கு, பேரம் மூன்றையும் ஒரே ஆவணத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, பன்னாட்டு சுகாதார விதிமுறைகளின் கீழ் நடக்கும் கூட்டு வெளி மதிப்பீடு. வெளிநாட்டு நிபுணர்கள் வருவதற்கு முன்பு நாடு தன்னைத்தானே மதிப்பிட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும், அங்கே ஆய்வகம், கால்நடை, எல்லைக் கட்டுப்பாடு என்று எல்லாத் துறையும் ஒரே மேசைக்கு வரும். மூன்றாவது, தேசிய சுகாதாரச் செலவுக் கணக்கு தயாரிக்கும் குழு. சலிப்பான வேலை, அதனாலேயே போட்டி குறைவு. ஆனால் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்தவரை அமைச்சர் கூப்பிட்டுக் கேட்பார். நான்காவது, மே மாதம் ஜெனீவாவில் கூடும் உலக சுகாதார மன்றத்துக்கும் ஜனவரியில் கூடும் நிர்வாகக் குழுவுக்கும் நாட்டின் நிலைப்பாட்டுக் குறிப்பு எழுதுவது. 2025 மேயில் ஏற்கப்பட்ட பெருந்தொற்று ஒப்பந்தம் மாதிரியான ஒன்றில் ஒரேயொரு பிரிவுக்கு உங்கள் நாட்டின் குறிப்பை எழுதியவர் என்றால், நேர்காணலில் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

இவற்றுக்கு எப்படி நுழைவது? அமைச்சகத்தில் அந்தக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் நடுநிலை அதிகாரியைத்தான் அணுக வேண்டும், செயலாளரை அல்ல. இரண்டு பக்க மாதிரிக் குறிப்பு ஒன்றோடு போங்கள். வேலைப் பளுவில் தவிப்பவர் அவர்தான்.

மொழியையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆறு ஆட்சிமொழிகள்: அரபி, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஆங்கிலத்தோடு பிரெஞ்சு தெரிந்தால் ஆப்பிரிக்காவில் பல பதவிகள் திறக்கும். வேலை செய்யும் அளவுக்குப் பேச, எழுத ஓரிரு ஆண்டு பிடிக்கும். விளம்பரம் பார்த்த பிறகு தொடங்க முடியாத ஒரே தகுதி இது.

6. விண்ணப்பம்

உலக சுகாதார நிறுவனம் தன் இணைய வேலைவாய்ப்புத் தளம் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகிறது. சிவியை இணைத்துவிட்டுப் படிவத்தில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதாதீர்கள். முதல் சல்லடையில் பார்க்கப்படுவது படிவம்தான். அனுபவ ஆண்டுகள் மாதம் மாதமாகக் கணக்கிடப்படும், ஒரே காலத்தில் பார்த்த இரண்டு வேலையை இரட்டிப்பாக எண்ண மாட்டார்கள். விளம்பரத்தில் 'அவசியம்' என்று போட்டிருப்பதில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். 'விரும்பத்தக்கது' என்பதில் குறையலாம்.

விளம்பரத்தில் உள்ள சொற்களையே பயன்படுத்துங்கள். அவர்கள் 'சுகாதார அமைப்பை வலுப்படுத்துதல்' என்று எழுதியிருந்தால் நீங்களும் அப்படியே எழுதுங்கள், அழகுக்காக மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வேலைக்குக் கீழும் மூன்று நான்கு வரி போதும். என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், எண்ணில் என்ன மாறியது. "நாங்கள்" என்று எழுதும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். நமக்கு அது அடக்கம், படிப்பவருக்கு அது நீங்கள் அங்கே வெறுமனே உடன் இருந்தீர்கள் என்று பொருள்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: புகையிலை எந்த வடிவில் பயன்படுத்துபவரையும் உலக சுகாதார நிறுவனம் வேலைக்கு எடுப்பதில்லை. விளம்பரத்தின் அடியில் எழுதியே இருக்கும்.

விண்ணப்பிக்கவோ, நேர்காணலுக்கோ, பயிற்சிக்கோ ஐநா அமைப்பு எதுவும் பணம் கேட்காது. "செயலாக்கக் கட்டணம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அதில் எந்த முத்திரை இருந்தாலும் மோசடிதான். பணம் வாங்கிக்கொண்டு "உள்ளே ஆள் இருக்கிறார்" என்பவரும் அதே ரகம்.

7. எழுத்துத் தேர்வும் நேர்காணலும்

எழுத்துத் தேர்வில் அறிவைச் சோதிப்பதைவிட, குறைந்த நேரத்தில் தெளிவாக எழுத வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு சூழலைக் கொடுத்து அமைச்சருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வது வழக்கமான கேள்வி. முடிவை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். மாற்று வழிகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு, யார் எதிர்ப்பார்கள் என்பது அதற்குப் பிறகு. வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகினால் போதும்.

நேர்காணல் திறன் அடிப்படையிலானது. குழுவாக வேலை செய்தல், வேறுபாடுகளை மதித்தல், தகவல் பரிமாற்றம், முடிவுகளை எட்டுதல் என்று சில திறன்களை விளம்பரத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் "இப்படிப்பட்ட ஒரு சமயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேள்வி வரும். ஸ்டார் முறையில் பதில் சொல்லுங்கள்: சூழல், உங்கள் பொறுப்பு, செய்த செயல், விளைவு. "பொதுவாக நான் இப்படித்தான் செய்வேன்" என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை. தலைமைப் பதவிக்கு என்றால், தோற்றுப்போன ஒரு முடிவைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு உண்மையான ஓர் உதாரணத்தைத் தயாராக வைத்திருங்கள். "அதிகமாக உழைப்பதுதான் என் குறை" என்றெல்லாம் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார்.

8. காலக்கணக்கு, இப்போதைய நிலவரம்

செப்டம்பரில் பிரிட்டனில் வகுப்பில் உட்கார வேண்டுமானால் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் சீவனிங் திறக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபரில் மூடிவிடுவார்கள். அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் நேர்காணல், கோடையில் முடிவு. அதாவது மொழித் தேர்வும் டிரான்ஸ்கிரிப்ட்டும் அதற்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஐநா பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்தால் பதில் வரப் பல மாதம் ஆகும். சில சமயம் பதிலே வராது. ஒன்றுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் வரிசையாகப் போட்டுக்கொண்டே இருங்கள்.

இப்போது சந்தை மோசம் என்பதை மறைப்பதில் பயனில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2026-27க்கான பட்ஜெட்டை 530 கோடி டாலர் என்ற திட்டத்திலிருந்து 420 கோடியாகச் சுருக்கி, பதவிகளையும் குறைத்தது. பத்து பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களே வேலை தேடுகிறார்கள். புதிதாக வருபவர் அவர்களோடு ஜெனீவா பதவிகளுக்கு மோதுவதைவிட, சொந்த நாட்டு அமைச்சகம், வட்டார அமைப்புகள், ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் போன்றவற்றைப் பார்ப்பது புத்திசாலித்தனம். வெளிநாட்டு உதவி குறையும்போது சொந்தப் பணத்தில் திட்டங்களை நடத்தத் தெரிந்த ஆளுக்குத்தான் தேவை கூடும். 5ஆம் படியில் சொன்ன செலவுக் கணக்கு வேலையை இந்த நேரத்தில் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

9. வேலை கிடைத்தால்

ஒப்பந்தத்தின் வகையை முதலில் பாருங்கள். குறித்த காலப் பதவி, தற்காலிகப் பதவி, ஆலோசகர் ஒப்பந்தம் மூன்றும் வேறு வேறு. ஆலோசகருக்கு ஓய்வூதியமும் கிடையாது, சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது. மாதத் தொகை பெரிதாகத் தெரியும்; மருத்துவக் காப்பீடு, வேலை இல்லாத மாதங்கள், வரி எல்லாம் கழித்துப் பார்த்தால் அப்படி இருக்காது. தற்காலிகப் பதவிக்கு மொத்தம் இரண்டாண்டு உச்சவரம்பு. பி வரிசையில் அடிப்படைச் சம்பளத்தோடு, பணியிடத்தின் விலைவாசிக்கு ஏற்ற ஈட்டுப்படியும் சேரும். கிரேடைப் பேரம் பேசி மாற்ற முடியாது. அந்தக் கிரேடுக்குள் எந்தச் சம்பளப் படியில் தொடங்குவது என்பது பற்றி வேண்டுமானால், கூடுதல் அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம், அதுவும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு மட்டும்.

தேர்வாகிவிட்டீர்கள் என்ற மின்னஞ்சல் வந்ததும் பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். அதற்குப் பிறகுதான் சான்றிதழ்ச் சரிபார்ப்பு, பரிந்துரையாளர் விசாரணை, பாலியல் தவறு நடத்தைப் பதிவேட்டுச் சோதனை, மருத்துவ அனுமதி, தடுப்பூசிச் சான்று எல்லாம். பிசேஃப் (BSAFE) என்ற ஐநா பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் இலவசமாக இப்போதே முடித்துவிடலாம், அந்த ஒரு வேலையாவது குறையும். இருபக்கமும் கையெழுத்தான நியமனக் கடிதம் கைக்கு வந்த நாளில் ராஜினாமா கொடுங்கள். பழைய இடத்தில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் அதைச் சேரும் தேதி பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, ஐநா ஓய்வூதிய நிதி. ஐந்தாண்டு பங்களிப்பு முடித்தால்தான் ஓய்வூதிய உரிமை. அதற்கு முன்பு விலகினால் நீங்கள் கட்டிய பங்கு வட்டியோடு திரும்ப வரும், நிறுவனம் கட்டியது வராது. நான்கரை ஆண்டில் வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தால், தேதியைச் சொல்வதற்கு முன்பு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.